சக்கரம் இல்லாத ப்ரேக்

கதவைத் திறந்தேன். வெளியே இன்னொரு கதவு நின்றது. பனியால் ஆனது. கைப்பிடி வைக்க மறந்துவிட்டார்கள்.

"பாஸ், வெளிய போக ரெண்டு வழி இருக்கு. கூரையைப் பிரிக்கலாம், இல்லைன்னா ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கலாம்."

"மூணாவது வழி மூலையில சாத்தி வச்சிருக்கு. எடுத்து வெட்டு" என்றார் வெர்னா லிண்ட்.

மூலையில் மண்வாரி இருந்தது. வெட்டினேன்.

நான் அன்சல் ஒர்மாசா. ஆறு வருடமாக வெர்னாவின் உதவியாளன். உதவியாளன் என்றால் வண்டி ஓட்டுவது, பனி வாருவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. இந்த மூன்றாவதில் மட்டும் இன்னும் தேறவில்லை. வெர்னா இருபத்திரண்டு வருடம் ஷெரீப் ஆபீசில் இருந்தவர். யாருக்கும் தலையாட்டத் தெரியாததால் வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிகிறார். வயது ஐம்பத்தெட்டு. பனிச்சரிவே வந்தாலும் முதலில் காப்பியைக் குடித்து முடிக்கிற ரகம்.

அன்று வந்தது இரண்டு சரிவு. முதலாவது காலை பத்து மணிக்கு, கேபினுக்குக் கிழக்கே, சேடில் என்கிற மலைமுகட்டில். இரண்டாவது பகல் பன்னிரண்டரைக்கு, நாங்கள் ஏறி வந்த பாதையிலேயே. எங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஸ்னோகேட் என்ற பெரிய பனிவண்டி கீழே திரும்பிப் போன ஐந்தாவது நிமிடம் பாதையும் கேபின் வாசலும் மூடிக்கொண்டன. ஐடஹோ மலை எங்களை உள்ளே தள்ளித் தாழ் போட்டுவிட்டது. போனுக்கு சிக்னல் கிடையாது. சுவரில் ஒரு ரேடியோ மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது.

உள்ளே நான்கு பேர். வெர்னா, நான், கேபினின் சொந்தக்காரரும் மலைவழிகாட்டியுமான ஹாலிஸ் க்ரேப், பிறகு எங்களோடு வண்டியில் வந்த மார்னி ஈஸ்டெப். மார்னி பைக் மெக்கானிக். வெயில் காலத்தில் மண்ணில் ஓடும் பைக்குகளைப் பனிக்காலத்தில் ஸ்னோ பைக்காக மாற்றித் தருவது அவள் தொழில். முன் சக்கரம் இருந்த இடத்தில் சறுக்கிப் போக ஒரு ஸ்கீ, பின் சக்கரம் இருந்த இடத்தில் டாங்கியில் இருப்பது போல ஒரு ரப்பர் ட்ராக். இந்த மலையில் பாதிப் பேர் அவள் முடுக்கிய போல்ட்டை நம்பித்தான் ஓட்டுகிறார்கள்.

காணாமல் போனவன் அவளுடைய கணவன் நோலன், ஹாலிஸிடம் வேலை செய்பவன்.

மூன்று நாள் முன்பு நோலன் எங்களுக்குப் போன் செய்தான். "போன வருஷம் க்ளின்ட் மஸ்ஸி எப்படிச் செத்தார்னு நான் கண்ணால பார்த்தேன். போன்ல சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் மேல கேபினுக்கு வாங்க" என்றான்.

க்ளின்ட் மஸ்ஸி ஹாலிஸ் கூட்டிப்போன குழுவில் ஒருவர். மலைச்சரிவில் நடுவழியில் ஒருவன் வண்டியோடு மாட்டிக்கொண்டான். எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி ஒன்று உண்டு. சரிவில் மாட்டிக்கொண்டவனுக்கு உதவி செய்ய இன்னொருவன் ஏறக் கூடாது. ஒரு வண்டியைத் தாங்குகிற பனி இரண்டாவதைத் தாங்காது. க்ளின்ட் ஏறினார். மலை உடைந்தது. "போகாதே போகாதேன்னு கத்தினேன், கேக்கலை" என்று ஹாலிஸ் ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்பியது. க்ளின்டின் மனைவி பெவர்லி கடைக்குப் போனால், "படிச்ச மனுஷன், புத்தி எங்க போச்சோ" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்த பெவர்லிதான் எங்களை அமர்த்தியவள். திங்கட்கிழமை அந்தச் சாவு பற்றி விசாரணை. வாயைத் திறக்க முன்வந்த ஒரே சாட்சி நோலன்.

இப்போது அவனும் இல்லை. சேடிலுக்குக் கீழே, சரிந்த பனிக்குள்ளிருந்து அவன் பைக்கைத்தான் தோண்டி எடுத்தார்கள். அதை ஸ்னோகேட்டில் ஏற்றி எங்களோடு கேபினுக்கு அனுப்பினார்கள். பதினான்கு பேர் இன்னும் அங்கே கம்பியால் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். ஆள் இல்லை. பனியில் புதைந்தாலும் இடத்தைக் காட்டும் என்று அவன் உடம்பில் கட்டியிருக்க வேண்டிய கருவியின் சிக்னலும் இல்லை.

ரேடியோவில் தேடும் குழுவின் தலைவர் டக்வொர்த் பேசினார். "ஐந்தேகாலுக்கு இருட்டிடும். அதுவரைக்கும்தான் தேட முடியும், வெர்னா. இன்னிக்கு ராத்திரி மைனஸ் இருபது."

மணி ஒன்றேமுக்கால்.

ஹாலிஸ் அடுப்படியிலிருந்து நாலு கிண்ணத்தில் பீன்ஸும் மான்கறியும் போட்ட சில்லி கொண்டுவந்து வைத்தார். நல்ல உயரம், நரைத்த தாடி, வெந்நீர்ப் பை போன்ற குரல். "சாப்பிடும்மா மார்னி. உன்மேல தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. போல்ட்டு லூசாகறது யார் வண்டியிலும் நடக்கறதுதான்."

அவள் நிமிர்ந்தாள். "எந்த போல்ட்டு?"

"அதான்... ட்ராக் கொஞ்சம் ஆடின மாதிரி இருந்துச்சு, காலையில அவன் ஒன்பது மணிக்குக் கிளம்பறப்ப. நான் அப்பவே சொன்னேன்."

ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிக் கத்தியைச் செருகுவது ஒரு கலை. மார்னியின் முகம் வெளுத்தது. எனக்கும் அந்த நொடியில் அவள்மேல் ஒரு சந்தேகம் வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஷெட்டுல நோலனோட வெயில்கால பைக் நிக்குது. அதே மாடல். உடைஞ்ச வண்டியில இருந்து ஸ்கீ, ட்ராக் கிட்டைக் கழட்டி அதுல மாட்டறேன். நான் போய்த் தேடறேன்."

"எவ்வளவு நேரம்?" என்றார் வெர்னா.

"மத்தவங்களுக்கு நாலு மணி நேரம். எனக்கு ஒண்ணேகால்."

"அன்சல், இந்தப் பொண்ணுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடு."

"எனக்குப் பத்தாம் நம்பருக்கும் பதிமூணாம் நம்பருக்கும் வித்தியாசம் தெரியாதே பாஸ்."

"அவ தூக்கி அடிக்கறப்ப தெரிஞ்சுக்குவ."

ஹாலிஸ் சிரித்தார். "என்னைக் கூப்பிடாதீங்க. நான் ஸ்னோமொபைல் ஆளு. ரெண்டு சக்கர வண்டின்னா எனக்கு ஒவ்வாது. வாழ்க்கையில ஏறினதே இல்லை." அவருடைய ஸ்னோமொபைல், முன்னால் இரண்டு ஸ்கீ வைத்த அகலமான பனிவண்டி, ஒரு வாரமாக ஊரில் ரிப்பேரில் கிடந்தது.

ஷெட் கேபினோடு ஒட்டியது. ஜன்னல்களைப் பனி மூடியிருந்ததால் பகலிலேயே பல்பு எரிந்தது. வெளியே மலை எப்போது வேண்டுமானாலும் இருமலாம் என்ற பயத்தில் எல்லாரும் மெதுவாகவே பேசினோம். கூரை அவ்வப்போது முனகியது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உடைந்த பைக்கின் இன்ஜின் நசுங்கிக் கிடந்தது. ஆனால் ஸ்கீயும் ட்ராக்கும் முழுசாக இருந்தன. மார்னி மண்டியிட்டு முன்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். திடீரென்று கை நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"ப்ரேக் ஆயில்" என்றாள்.

வெர்னா குனிந்தார். "எங்கே இருந்து?"

"முன்பக்க ப்ரேக்கில இருந்து. ஆனா அது... இருங்க, சொல்றேன். ஸ்னோ பைக்ல முன் சக்கரமே கிடையாது இல்லையா? அப்ப முன் ப்ரேக்குக்கு வேலையில்லை. நிறுத்தறது எல்லாம் கால் ப்ரேக்தான், அது ட்ராக்கைப் பிடிக்கும். முன் ப்ரேக்கோட கட்டைகளை மட்டும் இப்படி முன் ஃபோர்க் கம்பியோட ஓரமா கட்டித் தொங்க விட்டுடுவோம். ஹேண்டில்ல லீவர் சும்மா இருக்கும்."

"அந்தச் சும்மா இருக்கற லீவரைப் பிடிச்சா?"

"நடுவுல கவ்வறதுக்குச் சக்கரத்தோட தட்டு இல்லை. கட்டை முன்னாடி வரும். விட்டுப் பிடிச்சா இன்னும் வரும். பத்துத் தடவை பிடிச்சா பிஸ்டனே வெளிய விழுந்து ஆயில் கொட்டிடும். இங்க பாருங்க, விழுந்திருக்கு." அவள் குரல் இறங்கியது. "நோலன் நாலு வருஷமா பனியில ஓட்டறான். அந்த லீவர் இருக்கறதையே மறந்துட்டான்."

"சரிவு அமுக்கியிருக்கலாமே?" என்றேன் நான். கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று எனக்கே ஒரு பெருமை.

"பனிச்சரிவு அமுக்கினா ஒரு தடவை அமுக்கும், அன்சல்" என்றார் வெர்னா. "விட்டு விட்டுப் பத்துத் தடவை அமுக்கறது பயந்துபோன மனுஷன் கைதான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வண்டி மலை மேலிருந்து விழப் போனபோது அதன்மேல் இருந்தது நோலன் இல்லை.

அப்படியென்றால் நோலன் பனிக்கு அடியில் இல்லை. மார்னிக்கு அது புரிந்த கணத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னா அவள் தோளை அழுத்தினார். "சத்தம் போடாதே. வேலையை நிறுத்தாதே. அவன் எங்கேயோ இருக்கான்னா, நமக்கு இந்த வண்டி இன்னும் அவசரமா வேணும்."

அவள் பின்பக்கம் போனாள். நீளமான போல்ட்டை உருவி, ட்ராக்கைத் தனியாகப் பிரித்துப் புரட்டினாள். புரட்டியதும் வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

"என்ன?"

"ட்ராக் ஓடற தண்டுக்கு அடியில இந்த ப்ளாஸ்டிக் பட்டை. போன ஞாயித்துக்கிழமைதான் புதுசு போட்டேன். உருகி வழிஞ்சிருக்கு பாருங்க. எவன்டா இதை இப்படி ஓட்டினது!"

வெர்னா அந்தப் பட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கறுத்து, ஓரம் சுருண்டு, அதில் பொடிக்கற்கள் பதிந்திருந்தன. ஒரு துண்டை உடைத்துப் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"பாஸ், சொல்லித் தொலைங்களேன்."

"முதல்ல ஒரு கையைப் பாக்கணும். அந்த வெயில்கால பைக் எங்கே நிக்குது?"

ஷெட்டின் மறுகோடியில், ஆளுயர மேடை. மேடையிலிருந்து தரைக்கு ஒரு பலகைச் சரிவு. மேடைமேல் நோலனின் பைக், இரண்டு சக்கரத்தோடும், டயருக்கு அடியில் ஒரு செங்கல்லோடும் நின்றது. சரிவின் அடிவாரத்தில் கல்சுவர்.

"அன்சல், நீ போய் செங்கல்கிட்ட நில்லு. நான் தலையாட்டினதும் எடு." பிறகு வெர்னா அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "ஹாலிஸ், ஒரு நிமிஷம் வர்றீங்களா? மேல இருக்கற வண்டியை இறக்கணும். அன்சலுக்கு இடுப்புப் பிடிப்பு."

எனக்கு இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டு முனகினேன். சம்பளம் வாங்குகிறேனே.

"எனக்குப் பைக் பழக்கமில்லைங்களே" என்றார் ஹாலிஸ்.

"ஓட்ட வேண்டாம். சும்மா உக்காந்து ஹேண்டிலை நேராப் பிடிச்சாப் போதும். நான் கீழ இருந்து தாங்கிக்கறேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை, வெர்னா தலையாட்டினார். செங்கல்லை உருவினேன்.

வண்டி விசையோடு இறங்கியது. வெர்னா தாங்கிக்கொள்ளவில்லை. ஓரமாக நகர்ந்துவிட்டார். கல்சுவரை நோக்கி ஆளும் வண்டியும் பாய்ந்தன. "யோவ்!" என்று நான் கத்தினேன்.

சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது பைக் நின்றது. அலுங்காமல், குலுங்காமல். இடது கால் தரையில் ஊன்றியிருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் முன் ப்ரேக் லீவர்மேல் அளவாக, அழகாகப் பதிந்திருந்தன.

"ஸ்னோமொபைல்ல ப்ரேக் எந்தக் கையில ஹாலிஸ்?" என்றார் வெர்னா.

மார்னி சொன்னாள். "இடது கையில."

"முப்பது வருஷமா ஸ்னோமொபைல் ஓட்டறவர் இடது கையைத்தான் இறுக்கியிருக்கணும். இந்த வண்டியில இடது பக்கம் இருக்கறது க்ளட்ச். பிடிச்சிருந்தா இந்நேரம் பல்லைப் பொறுக்கிக்கிட்டு இருப்பீங்க. வாழ்க்கையில பைக்ல ஏறாத ஆளுக்கு, ரெண்டு விரலால முன் ப்ரேக்கைப் பிடிக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது? எங்கே கத்துக்கிட்டீங்க?"

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது. ஓட்டிய கையும்தான். ஹாலிஸ் அந்த இரண்டு விரலைப் பார்த்தார், வேறு யாருடையதையோ பார்ப்பது போல.

"நெவாடாவில" என்றான். (இதுவரை 'அவர்' என்று எழுதினேன். இனிமேல் எனக்குக் கை வராது.) "பாலைவனத்துல. பத்து வருஷம் ரேஸ் ஓட்டினேன். இங்க வந்தப்புறம் தொடலை."

"இன்னிக்குக் காலையில தொட்டீங்க. நோலன் அங்க விழுந்த மாதிரி காட்ட, சேடில் விளிம்புல வண்டியை நிறுத்தப் பாத்தீங்க. பழக்கதோஷத்துல முன் ப்ரேக்கைப் பிடிச்சீங்க. நிக்கலை. திரும்பத் திரும்பப் பிடிச்சீங்க. அப்புறம் குதிச்சுட்டீங்க. வண்டி மட்டும் போச்சு. சரிவு தானா வந்துச்சு, உங்களுக்கு வசதியா."

மார்னி அவன் எதிரே வந்து நின்றாள். கையில் பெரிய ஸ்பேனர். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்தேன்.

"நோலன் எங்கே?"

"இறங்கு கீழ" என்று நானும் சேர்ந்துகொண்டேன். இடுப்புப் பிடிப்பு மறந்துவிட்டது.

ஹாலிஸ் மெல்ல இறங்கினான். தாடியைத் தடவிக்கொண்டான். வெந்நீர்ப் பை ஆறிப் போயிருந்தது. "ஒரு பேச்சுப் பேசுவோம். நோலன் உயிரோடதான் இருக்கான். இப்போ இருக்கான். ராத்திரி முடியறப்ப இருப்பானான்னு எனக்குத் தெரியாது. எங்கே இருக்கான்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். திங்கட்கிழமை விசாரணையில அவன் வாயைத் திறக்கக் கூடாது. நீங்களும் இதை மறந்துடணும். சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்."

அந்த மலையில் அன்று அடைபட்டிருந்தவர்கள் நாங்கள் நாலு பேர் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கேயோ ஒருவன் இருட்டில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான். மணி இரண்டேமுக்கால்.

"பண்றேன்" என்றாள் மார்னி உடனே. கண்ணில் நீர் வழிந்தது. "எது வேணாலும் பண்றேன். சொல்லு."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார் வெர்னா. "போய் முன் சக்கரத்தைக் கழட்டு. அவன்கிட்ட விக்கறதுக்குச் சரக்கு இல்லை."

"என்னம்மா சொல்றீங்க?" என்றான் ஹாலிஸ்.

வெர்னா பையிலிருந்து உருகிய ப்ளாஸ்டிக் துண்டை எடுத்து பல்புக்கு நேரே பிடித்தார். "மார்னி, இது எதனால உருகும்?"

"பனி இல்லாத தரையில ஓட்டினா. பனிதான் இதுக்கு எண்ணெய் மாதிரி. வெறுங்கல்லுல ஓட்டினா சூடேறிக் கூழாயிடும். அதனால நாங்க மண்ணைப் பாத்தாலே சுத்திப் போயிடுவோம்."

"எவ்வளவு தூரம் ஓட்டினா இப்படி ஆகும்?"

"இவ்வளவு மோசமாகணும்னா அரை மைலாவது..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"பிப்ரவரி மாசம். எட்டு அடி பனி. இந்த மலையில அரை மைல் நீளத்துக்கு வெறும் ஜல்லித் தரை எங்கே இருக்கு?"

நான் இந்த ஊர்க்காரன். எனக்கே பளிச்சென்று தெரிந்தது. மேற்கே எட்டு மைல் கீழே, கைவிட்ட ரயில் பாதை. சரிவு விழாமல் இருக்க அதன்மேல் அந்தக் காலத்தில் நீளமாகக் கூரை போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு பொட்டுப் பனி விழாது. அதன் கோடியில் கல்லால் கட்டிய ஓர் அறை, இரும்புக் கதவு. வழிகாட்டிகள் ஸ்ட்ரெச்சரும் கயிறும் போட்டு வைக்கிற இடம்.

"கல் அறை" என்றாள் மார்னி.

"பனியில ஓட்டிப் பழகினவன் கூரைக்கு வெளிய சுத்தி வந்திருப்பான். இவருக்கு ஜல்லியைப் பாத்ததும் நெவாடா ஞாபகம் வந்திருக்கும். குறுக்கால விட்டுட்டார்."

ஹாலிஸ் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட விழுந்தான் என்பது சரி. அவன் முகத்தைப் பார்த்தே, இடம் அதுதான் என்று தெரிந்துவிட்டது.

ரேடியோவில் டக்வொர்த்தைப் பிடித்தோம். அவர் குழு மலையின் மறுபக்கம் இருந்தது. "கீழ்ப்பாதை மூடியிருக்கு. சுத்தி வர நாலு மணி நேரம் ஆகும்" என்றார். கேபினிலிருந்து நேர்வழி உண்டு. ஆனால் அது நெருக்கமான காட்டு வழி. ஸ்னோமொபைல் நுழையாது. பனிச்சறுக்குக் கட்டையில் போனால் இருட்டிவிடும். மரத்துக்கு மரம் வளைந்து போக ஒற்றை ஸ்கீ வண்டி ஒன்றால்தான் முடியும். அது இன்னும் இரண்டு சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

மார்னி வேலை செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். புருஷனைப் பூட்டி வைத்தவன் நாலடி தூரத்தில் இருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. முன் சக்கரம் கழன்றது, அந்த இடத்தில் ஸ்கீ ஏறியது. பின் சக்கரம், அதைத் தாங்கும் இரும்புக் கை, ஷாக் அப்சார்பர் எல்லாம் கழன்று விழுந்தன. நானும் வெர்னாவும் ட்ராக்கைத் தூக்கிப் பிடிக்க, நீள போல்ட்டை ஒரே தட்டில் நுழைத்தாள். செயினை மாட்டினாள். ரேடியேட்டரை அட்டையும் டேப்பும் போட்டு மூடினாள். குளிரில் இன்ஜின் சூடேறாமல் செத்துவிடுமாம்.

"கால் ப்ரேக்ல காத்து எடுக்கணும். அன்சல், பெடலை மிதி. மிதிச்சுப் பிடி. விடு."

மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். அன்று முதல்முறையாக ஒரு ஜோக்கும் வரவில்லை.

"எதுக்குப்பா இப்படிப் பண்ணின?" என்று வெர்னா ஹாலிஸிடம் கேட்டார். திட்டவில்லை, விசாரித்தார்.

"பேசத்தான் கூப்பிட்டேன்" என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. "விடியறதுக்கு முன்னாடி பனிச்சறுக்குல கல் அறைக்கு இறங்கிப் போயி, ஸ்ட்ரெச்சரை எடுக்கணும் வான்னு அவனை ரேடியோவில வரச் சொன்னேன். விடிஞ்சதும் வந்துட்டான், ஒன்பது மணின்னு சொன்னது பொய். கெஞ்சினேன். கேக்கலை. அவன் ஸ்ட்ரெச்சரை எடுக்க உள்ள போனான். கதவைச் சாத்திட்டேன். சாத்திட்டேன்... அப்புறம் திறக்க தைரியம் வரலை. திறந்தா என்ன சொல்லுவேன்?"

மார்னி கடைசி போல்ட்டை முடுக்கினாள்.

மூன்று மணி ஐம்பதுக்கு வண்டி உயிர் பிடித்தது. முதுகில் போர்வைப் பை, வெந்நீர் ஃப்ளாஸ்க், நெஞ்சில் சின்ன ரேடியோ. நான் வெட்டி வைத்த பனிச்சந்து வழியாக மார்னி சீறிக்கொண்டு போனாள். சத்தம் மரங்களுக்குள் தேய்ந்து, பிறகு காணாமல் போனது. சரிவுகளுக்கு நடுவே தனியாக ஒரு பெண். மலை மூன்றாவது முறை இருமாமல் இருக்க வேண்டும். நான் சர்ச்சுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அன்று போகாமலே வேண்டிக்கொண்டேன்.

திரும்ப அடைபட்டோம். மூன்று பேர், ஒரு ரேடியோ. நான் மண்வாரியோடு ஹாலிஸுக்குக் காவல். நாலு மணி. நாலு பத்து. சில்லி கிண்ணங்களில் உறைந்து போயிருந்தது. வெர்னா காப்பியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். ஆறு வருடத்தில் நான் பார்க்காத காட்சி அது.

நாலு இருபத்தெட்டுக்கு ரேடியோ கரகரத்தது.

"வெர்னா... கேக்குதா?"

"சொல்லும்மா."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "தாழைத் திறந்துட்டேன். இருக்கான். உயிரோட இருக்கான். கையெல்லாம் கட்டையா கிடக்கு, பேச்சு குழறுது... ஆனா பேசறான். போர்வைக்குள்ள போட்டு நானும் கூடப் படுத்துக்கிட்டேன். டக்வொர்த்தை வரச் சொல்லுங்க. ராத்திரி வரைக்கும் தாங்குவோம்."

"வந்துக்கிட்டே இருக்கோம் மார்னி" என்றது டக்வொர்த்தின் குரல்.

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல், மண்வாரியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே ஒருவன் அழுதுகொண்டிருந்தான். ஹாலிஸ்.

அவன் எழுந்து ரேடியோவை நோக்கி வந்தான். மண்வாரியைத் தூக்கினேன். வெர்னா கையமர்த்தினார். "விடு, அன்சல்." மைக்கை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அது எல்லாருக்கும் பொதுவான அலைவரிசை. தேடும் குழுவின் பதினான்கு பேர் கேட்பார்கள். கீழே தீயணைப்பு நிலையத்தில் அவர்களுக்கு ரொட்டி தயார் செய்துகொண்டிருந்த பெண்கள் கேட்பார்கள். மளிகைக் கடைக் கல்லாவில் ஒரு ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். ஹாலிஸுக்கு இதெல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"ஹாலிஸ் க்ரேப் பேசறேன்." "நோலனைப் பூட்டி வச்சது நான்தான். போன வருஷம்... க்ளின்ட் மஸ்ஸி தானா மேல ஏறலை. அவர் மாட்டேன்னார். விதியைச் சொன்னார். மாட்டிக்கிட்டவன் அழுதுக்கிட்டிருந்தான், எனக்குப் பதட்டம். 'ஒண்ணும் ஆகாது, போய் இழுத்துவிடு'ன்னு நான்தான் அனுப்பினேன். போகாதேன்னு நான் கத்தவே இல்லை."

டக்வொர்த் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம்.

வந்தது ஒரு பெண் குரல். தீயணைப்பு நிலையத்திலிருந்து, நிதானமாக.

"பெவர்லி மஸ்ஸி பேசறேன். இன்னொரு தடவை சொல்லு, ஹாலிஸ். ஸ்கூல் பஸ் இப்பதான் வந்துச்சு. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கறாங்க. அவங்க அப்பாவைப் பத்தி அவங்களும் கேக்கட்டும்."

ஹாலிஸ் வெர்னாவைப் பார்த்தான். வெர்னா மைக்கை நோக்கித் தலையசைத்தார்.

அவன் மைக்கை அழுத்தி, முதலிலிருந்து சொன்னான்.